கீறல் இல்லை என்பதால் காயம் இல்லை என்றாகாது

(லின்ஃபீல்ட் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், கணினித்துறைப் பொறியாளன். எனினும் பெற்றோர் அனைவரும் அறியவேண்டிய ஒன்றைக் கூற விழைகின்றேன்.

ஒக்லாந்துப் புறநகர்களில் வீட்டு வாகனப் பாதையே பிள்ளைகளின் விளையாட்டிடம். அங்கே பின்னோக்கி நகரும் வாகனத்தில் குழந்தைகள் சிக்குவது நியூசிலாந்தின் நெடுநாள் துயரம்.

குழந்தையின் விலா எலும்பு முறியாமல் வளைந்து மீளும். அடியின் விசை நுரையீரலைத் தாக்கும். மேனியில் கீறலே இல்லாதபோதும் உள்ளே நுரையீரல் கன்றியிருக்கலாம். நெஞ்சறையில் காற்றோ குருதியோ தேங்கியிருக்கலாம். விரைவான மூச்சு, முனகல், நீலம் பாய்ந்த உதடு, சோர்வு ஆகியன அபாய அறிகுறிகள்.

உடனே 111ஐ அழையுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உணவோ நீரோ கொடுக்காதீர்கள்.

மருத்துவர்கள் முதலில் மூச்சுவழி, சுவாசம், குருதியோட்டம் என்ற வரிசையில் சோதித்து, ஒட்சிசன் அளிப்பர். தேங்கிய காற்று இதயத்தை அழுத்தினால், எக்ஸ்ரேக்குக் காத்திராமல் ஊசியால் வெளியேற்றுவர். பின்னர் குழாய் பொருத்துவர். நுரையீரல் கன்றல் சில மணி நேரம் கழித்தும் முற்றலாம். ஆகவே, நலமாகத் தோன்றும் பிள்ளையையும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பதுண்டு; அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்துவராதீர்கள்.

செலவை எண்ணித் தயங்கவேண்டாம். 1974 முதல் நடைமுறையிலுள்ள விபத்து இழப்பீட்டுத் திட்டம் இங்கு வருகை தந்தோரின் விபத்துக் காயச் சிகிச்சைக்கும் உதவுகின்றது. ஆங்கிலம் தடையாயின், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வாகனத்தை எடுக்குமுன் ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். பிள்ளை எங்கே என்று உறுதிசெய்த பின்னரே சாவியைத் திருப்புங்கள்.