ஆற்றங்கரையில் நின்ற சிறுமி



யாத்திராகமம் 15-ஆம் அதிகாரம் மோயீசனின் சகோதரி மிரியாமைத் தீர்க்கதரிசினி என்றழைக்கிறது. ஆனால் அதற்குமுன் அவள் என்ன தீர்க்கதரிசனம் உரைத்தாள்? அந்நூல் சொல்லவில்லை. பழைய வரலாற்றைத் திரும்பச் சொன்ன யூத ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடினர்.

கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'விவிலியத் தொல்வரலாறு' இலத்தீனில் நமக்குக் கிடைத்துள்ளது. அதன்படி, கடவுளின் ஆவி ஓரிரவு மிரியாம்மீது இறங்கியது. பிறக்கவிருக்கும் பிள்ளை நீரில் விடப்படும், அவனாலேயே நீர் வற்றிப்போகும் என்று கனவில் அறிந்தாள். பெற்றோரிடம் சொன்னாள்; அவர்கள் நம்பவில்லை. அதே நூற்றாண்டில் எழுதிய யோசேப்புஸோ, கனவு கண்டவர் தந்தை அம்ராம் என்கிறார்.

பிற்காலத் தால்மூது இன்னும் ஒருபடி செல்கிறது. குழந்தையை ஆற்றில் விட்டபோது தந்தை மகளின் தலையில் தட்டி, உன் தீர்க்கதரிசனம் எங்கே என்று கேட்டாராம். அதனால்தான் அவள் தொலைவில் நின்றாள்: தம்பிக்காக மட்டுமல்ல, தான் உரைத்த வாக்கு என்னவாகிறதென்று காண!

அன்பர்களே, வாக்கை உரைப்பது ஒரு நொடி. வீட்டாரே நம்பாதபோதும் கரையைவிட்டு அகலாமல் நிற்பதன்றோ விசுவாசம்? நம் இல்லங்களில் சிறியோர் வாய்ச்சொல்லுக்கும் செவிசாய்ப்போமாக.