புர்சேயுஸ்: தோல் பதனிடுகிறவன்



'புர்சேயுஸ்' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. மூன்றும் அப்போஸ்தலர் நடபடிகளில். 'புர்சா' என்றால் உரித்த தோல். அதைப் பதப்படுத்துபவன் புர்சேயுஸ். யோப்பா பட்டணத்துச் சீமோன் அத்தொழிலன். அவன் வீட்டில் பேதுரு அநேக நாள் தங்கினார்.

பேதுருவுக்கும் சீமோன் என்றே பெயர். இருவரையும் பிரித்தறியத் தொழில் சுட்டப்பட்டது என்பாருண்டு. அதற்கு ஒருமுறை போதாதா? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற யூதரின் மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழம் அப்பால், கீழ்த்திசையில் மட்டுமே அமையலாம் என்கிறது. அத்தொழிலின் நாற்றம் பொறாத மனைவி மணவிலக்குப் பெறவும் இடமளிக்கிறது. சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்ததும் வீண் வருணனையன்று. தீட்டானதை உண்டதேயில்லை என்று தரிசனத்தில் மறுக்கும் பேதுரு, அப்போது நின்றதே அவ்வீட்டின் மேல்தளத்தில்தான்!

தமிழ் வேதாகமம் இச்சொல்லைத் 'தோல் பதனிடுகிறவன்' என்று பெயர்த்தது. சாதிப்பெயர் ஒன்றை இட்டிருக்கலாம். இடவில்லை, செயலைச் சொல்லிற்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இத்தொடருக்கு அகராதி வேண்டா. சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்கள் அறியும். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் புரட்டிய கைகள் அறியும். பதம் என்பது பக்குவம்; கவிஞர்க்கோ பதம் என்பது சொல்லும்கூட.

மூன்று இடங்களுள் முதலாவது லூக்காவின் கூற்று. மற்ற இரண்டும் உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவுக்குத் தேவதூதன் சொன்ன முகவரி. தொழிலை மறைக்காமல் சொன்ன முகவரி அது. படைத்தலைவனின் ஆட்கள் சீமோனின் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள்.