கரும்புக்கு உள்ள சட்டம் கிழங்குக்கு ஏன் இல்லை?

சிறு உழவர்க்கு நேர்மையான சந்தை பற்றிய இக்கருத்தரங்கைச் சென்னையில் ஒரு குளிர்சாதன அரங்கில் கூட்டாமல் கள்ளக்குறிச்சியில் கூட்டியதற்காக அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். சுற்றி வளைக்காமல் இந்த ஊர்ச் செய்தி ஒன்றையே தலைமை உரையாக வைக்கிறேன்.

இம்மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறினால் கல்வராயன் மலை. அங்கே வெள்ளிமலையைச் சுற்றியும், மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறையிலும் மலையாளிப் பழங்குடியினர் பயிரிடும் பணப்பயிர் மரவள்ளி. அடிவாரத்தில் கரும்பு, மேலே கிழங்கு. இரண்டுமே ஆலைக்குப் போகும் பயிர். வெட்டியபின் நேரமாக ஆகக் கரும்பில் சர்க்கரை குறையும், கிழங்கில் மாவு குறையும். இரண்டுக்கும் விலை அந்தச் சத்தை வைத்துத்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றாக இல்லை.

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஆலை கரும்பை வாங்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. விலையின் அடிமட்டத்தை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. 2025–26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய், 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு. அந்தக் கட்டுமானமும் ஆலையின் மொத்த அரவைக்குக் கணக்கிடப்படுவது. உங்கள் வண்டிக் கரும்பை மட்டும் தனியே சோதித்து உங்கள் விலையை யாரும் இறக்குவதில்லை.

மரவள்ளிக்கு வாருங்கள். மலையிலிருந்து இறங்கும் லாரி ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலை வாசலில் நிற்கிறது. சுமையிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துக் காற்றில் ஒரு தரம், தண்ணீரில் ஒரு தரம் நிறுத்துப் பார்க்கிறார்கள். அந்த வித்தியாசத்திலிருந்து மாவின் அளவு தெரியும். அதற்குப் பெயர் ‘பாயிண்ட்’. பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய். 25 என்றால் 7,500. பத்து டன் லாரியில் 9,000 ரூபாய் போய்விட்டது. எந்தக் கிழங்கை எடுப்பது என்பதும், தராசு முள்ளை வாசிப்பதும், மண்ணுக்கும் தூருக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதும் வாங்குகிறவர் கையில்.

சரி, வேறு ஆலைக்குப் போகலாமே என்பீர்கள். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நீலக்கோடு ஓடியிருக்கும். லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பார். கரும்புக்காரருக்கு ஆலை எல்லை என்ற கட்டு உண்டு, கிழங்குக்காரருக்கு அது இல்லை, அவர் சுதந்திரமானவர் என்று பொருளியல் நண்பர்கள் சொல்வதுண்டு. அந்தச் சுதந்திரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. மாவட்ட நிர்வாகங்கள் முத்தரப்புக் கூட்டம் கூட்டி விலை பேசுவதும் நடக்கிறது. பேசிய விலை, முள்ளை வாசிக்கும் இடத்தில் இரண்டு பாயிண்ட் இறக்கினால் தீர்ந்தது.

கரும்புச் சட்டத்தை நான் புனிதமாக்கவில்லை. நிலுவைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த கரும்பு விவசாயிகள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஆனாலும் உங்களுக்கு ஒரு தேதி இருக்கிறது, அதைக் காட்டி வழக்குப் போடலாம். மலைக்காரரிடம் காட்ட எதுவும் இல்லை.

மலையின் சாமைக்கும் இதே கதிதான். கேழ்வரகுக்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, சாமைக்கு இல்லை. இதே தானியத்துக்கு, குட்கி என்ற பெயரில், சத்தீஸ்கர் அரசு 2021 முதல் தானே விலை வைத்துக் கொள்முதல் செய்தது. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியபோதும் நாம் அதைச் செய்யவில்லை. அரசியல் விருப்பம் இருந்தால் ஒரு மாநிலத்தால் முடிகிற காரியம் இது.

இப்போது ‘நிலைத்த’ வேளாண்மைக்கு வருகிறேன். நஞ்சில்லாச் சான்று, காடழிக்காமைச் சான்று என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதி, காப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையே கேட்கிறது. காப்பி விளையும் ஏற்காட்டுக்கு இன்று வந்தது நாளை பக்கத்துக் கல்வராயன் மலைக்கும் வரும். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை இது. 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டாவுக்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருப்பவர், நிலத்துக்கு ஆதாரம் எங்கிருந்து கொண்டுவருவார்? சான்றுப் படிவங்களைப் புரட்டிப் பாருங்கள்: உழவர் செய்ய வேண்டியது பக்கம் பக்கமாக இருக்கும். வாங்குகிறவர் எந்தத் தராசில் நிறுத்தார், எத்தனை நாளில் பணம் தந்தார் என்ற கேள்வியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதே ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், அழுகும் விளைபொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று வாங்குவோர்க்கு விதித்திருக்கிறது. நமது 14 நாள் விதி அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கியது. அதில் சாலை பற்றி நிறையப் பேசப்பட்டது. சாலை கட்டாயம் வர வேண்டும். அது கிழங்கை ஆலை வாசல் வரை சீக்கிரம் கொண்டுபோகும்; வாசலுக்கு உள்ளே நடப்பது வேறு விவகாரம்.

எனவே இக்கருத்தரங்கு இரண்டு தீர்மானங்களை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் பொதுவான பாயிண்ட் கருவி ஒன்று வேண்டும். லாரி கிளம்புமுன் உழவரே பார்த்து, முத்திரையிட்ட சீட்டுடன் இறங்கட்டும். அதை நடத்த மலைவாழ் மக்களின் லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் ஆள் பழக்கித் தர முடியும். இரண்டாவது, 14 நாள் விதியை மரவள்ளிக்கும் நீட்டிக்க மாநில அரசுக்கு ஒரு சட்ட முன்வரைவு. 2019இல் ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

கட்டுரை படிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘உழவர் பெற்ற விலை’ என்று அட்டவணை போடும்போது, அது எந்த இடத்தில், கழிவு போன பிறகா முன்பா, எத்தனையாம் நாள் கைக்கு வந்தது என்று மூன்று பத்திகள் சேர்த்துப் போடுங்கள். அவை இல்லாத கட்டுரைகளை இடையில் நிறுத்திக் கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் அமர்வைத் தொடங்கலாம்.