பத்தாயிரத்துக்குள்ள மெட்டல் டோன்: அந்தத் தேனீக்கூட்டம் எங்கேர்ந்து வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திருப்பல்களும் கிட்டார் வாசித்துக் காட்டிய இடங்களும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு மெயிலுக்குப் பதில்தான். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கார். அவர்கிட்ட ஹம்பக்கர் பிக்கப் வச்ச ஒரு சாதாரண கிட்டார் இருக்கு, ஒரு 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப் இருக்கு, ஒரு டிஸ்டார்ஷன் பெடல் இருக்கு. "அண்ணா, ஆல்பத்துல கேக்குற மாதிரி கனமா வரல, தேனீக்கூட்டம் கலைஞ்ச மாதிரி வருது. பார்ட் டைம் வேலை பார்த்து ஒன்பதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன். எந்தப் பெடல் வாங்கட்டும்? இல்லேன்னா கிட்டாரை வித்துட்டு வேற வாங்கட்டுமா?" இதான் கேள்வி.

தம்பி, பெடல் வாங்காதீங்க. கிட்டாரையும் விக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு பழைய கதை. காலேஜ்ல எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்தது. நான் பேஸ், என் ரூம்மேட் கிட்டார். நெட்ல நாலு கட்டுரை படிச்சிருந்ததால சவுண்ட் விஷயத்துல நான் சொல்றதுதான் சட்டம். கல்ச்சுரல்ஸ் மேடையில ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அவன் ஆம்ப்ல நான்தான் நாப் திருப்பினேன். பேஸ் பத்து, ட்ரெபிள் பத்து, மிட் பூஜ்யம். மெட்டல்னா மிட்டை வெட்டணும்னு எங்கேயோ படிச்சது. ரூம்ல தனியா வாசிக்கும்போது அது பிரமாதமாத்தான் இருந்தது. மேடையில ட்ரம்ஸ் ஆரம்பிச்சதும் அவன் கிட்டார் காணாமப் போச்சு. அவன் தலையை ஆட்டிக்கிட்டு உயிரைக் குடுத்து வாசிக்கிறான், கீழே இருக்கிறவங்களுக்கு "ஸ்ஸ்ஸ்"னு ஒரு இரைச்சல் மட்டும் கேக்குது. முன் வரிசையில சிரிச்சாங்க. இறங்கி வந்ததும் நான் அவன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "மச்சான், உன் செட்டப் சரியில்ல. டியூப் ஆம்ப் இல்லாம மெட்டல் வாசிக்க முடியாது." ஃபைனல் இயர்ல அவன் கிட்டாரை வித்துட்டான்.

அப்ப டியூப் ஆம்ப் விலை அவங்க அப்பாவோட பல மாசச் சம்பளம். அதனாலதான் இந்தத் தம்பியோட மெயிலை ரெண்டு வரியில முடிக்க மனசு வரல.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிஸ்டார்ஷன்னா என்ன? கிட்டார்ல இருந்து வர்ற அலையோட உச்சியையும் அடியையும் தட்டையா வெட்டுறது. கிளிப்பிங். வெட்டினதும் புதுசா நிறைய ஹார்மோனிக்ஸ் முளைக்குது, அதான் அந்தக் கரகரப்பு. வெட்டுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ரெண்டு டயோடு போதும். நல்ல டோனுக்கும் தேனீக்கும் உள்ள வித்தியாசம், வெட்டுறதுக்கு முன்னாடி என்ன உள்ளே போகுது, வெட்டினதுக்கு அப்புறம் எதை வடிகட்டுறோம், இந்த ரெண்டு இடத்துல இருக்கு. நாம எல்லாரும் காசைக் கொட்டுறது நடுவுல இருக்கிற பெடல்ல.

பின்னாடி நடக்கிறதை முதல்ல பார்ப்போம், ஏன்னா தேனீ குடியிருக்கிறது அங்கேதான். கிட்டார் ஆம்ப்ல இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர் நம்ம வீட்டு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் மாதிரி கிடையாது. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல அது சட்டுன்னு விழுந்துடும். நீங்க ஆல்பத்துல கேக்குற எல்லா மெட்டல் கிட்டாரும் அந்த வடிகட்டி வழியா வந்ததுதான். பெரும்பாலும் செலஸ்டியன் விண்டேஜ் 30 மாதிரி ஒரு ஸ்பீக்கர், அதுக்கு முன்னாடி ஷூர் எஸ்எம்57 மைக். டிஸ்டார்ஷன் பெடலை நேரா ஹெட்போன்லயோ லேப்டாப்லயோ சொருகினா, அந்த மேல் அலைவரிசை எல்லாம் அப்படியே காதுக்கு வரும். ஸ்ஸ்ஸ். தம்பியோட குட்டி ஆம்ப்ல வேற பிரச்சினை. அந்தச் சின்ன ஸ்பீக்கர், சின்னப் பெட்டி, அதால அடிப்பகுதியைத் தர முடியாது. எந்தப் பெடலைச் சொருகினாலும் முடியாது.

இதுக்கு மருந்து பேரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமா ஐஆர். காலியான கல்யாண மண்டபத்துல நின்னு ஒரே ஒரு தடவை கை தட்டுங்க. திரும்பி வர்ற ஓசையில அந்த மண்டபத்தோட குணம் மொத்தமும் இருக்கும். அதை ரெக்கார்ட் பண்ணி வச்சா, வேற எந்தச் சத்தத்தையும் அதே மண்டபத்துல கேட்ட மாதிரி கணக்குப் போட்டு வரவழைக்கலாம். அதே வேலையை ஸ்பீக்கர், பெட்டி, மைக் மூணையும் சேர்த்துச் செஞ்சு எடுத்ததுதான் கேபினெட் ஐஆர். ஒரு சின்ன வேவ் ஃபைல், அவ்வளவுதான். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல கன்வல்யூஷன் கன்வல்யூஷன்னு பக்கம் பக்கமா எழுதினோமே, அது இதுக்குத்தான். பரீட்சைக்கு முன்னாடியே யாராவது இதைச் சொல்லியிருந்தா நான் இன்னும் நல்லாப் படிச்சிருப்பேன்.

இலவசமா நூத்துக்கணக்கான ஐஆர் கிடைக்குது. ஒரே ஆம்ப் செட்டிங்கை வச்சுக்கிட்டு ஐஆரை மட்டும் மாத்திப் பாருங்க. ட்ரெபிள் நாபைத் திருப்பினா வராத மாற்றம் அதுல வரும்.

(ஒலித்துணுக்கு: ஒரே ரிஃப், முதலில் ஐஆர் இல்லாமல், பிறகு ஐஆருடன்.)

கேட்டீங்களா? ரெண்டுலயும் கிட்டார் ஒண்ணு, பெடல் ஒண்ணு, கை ஒண்ணு.

இப்ப முன்பக்கம். கிட்டாரோட தடிமனான ஆறாவது கம்பி, சாதாரண ட்யூனிங்ல 82 ஹெர்ட்ஸ். டிராப் சி-ல 65. இந்த அடிப்பகுதி நிறைய கெயினோட உள்ளே போனா, வெட்டுற வேலையில பாதியை அதுவே தின்னுடும். பாம் மியூட் பண்ணும்போது "ஜக் ஜக்"னு வர வேண்டியது "புஃப் புஃப்"னு வரும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே அடியைக் குறைச்சிடணும். கேக்கத் தலைகீழா இருக்கும், கனம் வேணும்னா பேஸைக் குறைன்னு சொல்றேன். ஆனா மெட்டல் ஸ்டுடியோக்கள்ல பல வருஷமா செய்யற வேலை இது. ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர்னு பச்சை கலர் பெடல் ஒண்ணு பார்த்திருப்பீங்க. ப்ளூஸ் வாசிக்கிறவங்களுக்குப் பிடிச்ச பெடல். மெட்டல்காரங்க அதோட டிரைவை பூஜ்யத்துல வச்சு, லெவலை முழுசா ஏத்தி, ஹை கெயின் ஆம்புக்கு முன்னாடி போடுவாங்க. சர்க்யூட்ல 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருக்கு. ஒண்ணின் கீழ் ரெண்டு பை ஆர்சி, கால்குலேட்டர்ல போடுங்க, 720 ஹெர்ட்ஸ் வரும். அதுக்குக் கீழே போகப் போக பெடலோட கெயின் குறையும். அந்த இறுக்கத்தோட ரகசியம் அவ்வளவுதான்.

இன்னும் பின்னாடி போனா, பர்மிங்ஹாம். டோனி அயோமி, பிளாக் சாபத். 17 வயசுல ஷீட் மெட்டல் ஃபேக்டரியில மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அவர் இடது கைக்காரர், அப்படின்னா கம்பியை அழுத்துற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்கு உறை செஞ்சுக்கிட்டு, மெல்லிசான கம்பி வேணும்னு பேஞ்சோ கம்பியை கிட்டார்ல மாட்டி வாசிச்ச மனுஷன். அவர் ஆம்புக்கு முன்னாடி வச்சிருந்தது டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர், ஒரு ட்ரெபிள் பூஸ்டர். பேஸ் பூஸ்டர் இல்ல, கவனிங்க. ஹெவி மெட்டல் பிறக்கும்போதே அடியைக் குறைச்சு, மேலே தூக்கித்தான் ஆம்புக்குள்ள அனுப்பியிருக்காங்க. தம்பி, கம்ப்யூட்டர்ல இதுக்குச் செலவே இல்ல. ஆம்புக்கு முன்னாடி ஒரு ஈக்யூ போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 800 பக்கத்துல கொஞ்சம் தூக்கினா முக்கால்வாசி வந்துடும்.

டியூப் ஆம்ப் கட்டாயம்னு நான் சொன்னேன்ல, அதுவும் பொய். பன்டேராவோட டைம்பேக் டேரல் 1990-கள்ல அந்த ஆல்பங்களை எல்லாம் வாசிச்சது ராண்டால் சாலிட் ஸ்டேட் ஆம்ப்ல. ஸ்வீடன் பக்கம் போனா இன்னும் வேடிக்கை. பாஸ் கம்பெனி 1983-ல எச்எம்-2ன்னு ஒரு பெடல் விட்டாங்க, 1991-ல நிறுத்திட்டாங்க. ஸ்டாக்ஹோம்ல சில பசங்க அதோட எல்லா நாபையும் கடைசி வரைக்கும் திருப்பி வச்சு வாசிச்சாங்க. மேனுவல்ல யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. சன்லைட் ஸ்டுடியோல தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு பண்ண, 1990-ல என்டூம்ட் குழுவோட 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' வந்தது. ரம்பம் மரத்தை அறுக்கிற மாதிரி ஒரு டோன். ஸ்வீடிஷ் டெத் மெட்டலுக்கு இன்னிக்கு வரைக்கும் அதுதான் அடையாளம். அந்தப் பெடல் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல மிட்டை பயங்கரமாத் தூக்கும். வெட்டலை, தூக்குது. நான் மேடையில பூஜ்யத்துல வச்சேனே, அதே மிட்.

மிட் ஏன் முக்கியம்னா, பேண்ட்ல கிட்டாருக்குச் சொந்தமான இடம் அதுதான். கீழே பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் உக்காந்திருக்கு, மேலே சிம்பல்ஸ். நடுவுல இருக்கிற வீட்டைக் காலி பண்ணிட்டு, மேலேயும் கீழேயும் போய் இடத்துக்குச் சண்டை போட்டா யார் ஜெயிப்பா?

கெயினும் அப்படித்தான். போதும்னு தோணுற இடத்துக்கு வந்துட்டு, அங்கேர்ந்து கொஞ்சம் குறைங்க. ஆல்பத்துல கேக்குற அந்தச் சுவர் மாதிரி கனம் கெயின்ல வர்றது இல்ல, அதே ரிஃபை ரெண்டு தடவை வாசிச்சு ஒண்ணை இடப்பக்கம், ஒண்ணை வலப்பக்கம் வைக்கிறதுல வருது. காப்பி பேஸ்ட் பண்ணினா வராது, ரெண்டும் ஒரே அலையாப் போய் நடுவுல வந்து உக்காந்துடும். ரெண்டாவது தடவை நிஜமா வாசிக்கணும். அப்பத்தான் நம்ம டைமிங் எவ்வளவு மோசம்னும் தெரியும், வேற வழியில்ல.

இப்ப ஒன்பதாயிரத்துக்கு வருவோம். பெரிய செலவு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். நான் செகண்ட் ஹேண்ட்ல நாலாயிரத்துக்குள்ள வாங்கினேன், புதுசுலயே கையைக் கடிக்காத மாடல்கள் இருக்கு. பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: கிட்டாருக்குன்னு 'இன்ஸ்ட்ருமென்ட்' இல்லேன்னா 'ஹை-இசட்'னு போட்ட இன்புட் இருக்கணும். கிட்டார் பிக்கப்புக்கு சுமார் 1 மெகாஓம் இன்புட் வேணும். லேப்டாப்போட மைக் ஓட்டையில கன்வெர்ட்டர் போட்டுச் சொருகினா போர்வைக்கு உள்ளேர்ந்து பாடுற மாதிரி இருக்கும், அதைச் செய்யாதீங்க. மத்தது சாஃப்ட்வேர். ரீப்பர் 60 நாள் டிரையல் தருது. ஆம்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர், ஸ்டீவன் அட்கின்சன் எழுதின ஓப்பன் சோர்ஸ் பிளகின். நிஜ ஆம்ப் எப்படி நடந்துக்குதுன்னு ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கி வச்ச ஃபைல்களை அதுல ஏத்தலாம். நாம வாழ்க்கையில தொட்டே பார்க்காத ஆம்ப்களை ஊர் உலகத்துல இருக்கிறவங்க கேப்சர் பண்ணி இலவசமாப் போட்டிருக்காங்க. ஒரு எச்சரிக்கை, கேப்சர்ல ஸ்பீக்கரும் சேர்ந்திருந்தா மேல இன்னொரு ஐஆர் போடாதீங்க. ரெண்டு வடிகட்டி சேர்ந்தா மொத்தமும் மந்தமாயிடும்.

விண்டோஸ்னா இன்டர்ஃபேஸோட சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்க. பஃபர் 128, சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ்னா ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வர, வெளியே போக எல்லாம் சேர்ந்தாலும் விரலுக்கு உறுத்தாது. ஹாஸ்டல்ல எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்னா "ங்ங்ங்"னு ஒரு ஹம் வரும். நாய்ஸ் கேட் தேடுறதுக்கு முன்னாடி லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. எனக்குப் பாதி இரைச்சல் அதுலயே போச்சு.

மிச்சக் காசுல புதுக் கம்பி வாங்குங்க. டிராப் சி-க்கு இறக்கினா 10-46 செட் தொளதொளன்னு ஆகும், 11-54 மாதிரி போடுங்க. கொஞ்சம் தடிமனான பிக் நாலு. அப்புறமும் கையில ஒரு ரெண்டாயிரம் நிக்கும். அதை வச்சுக்கோங்க, செமஸ்டர் ஃபீஸ் வரும்.

இந்த எபிசோடுக்காக என் பழைய ரூம்மேட்டுக்குப் போன வாரம் போன் பண்ணினேன். இப்ப கோயம்புத்தூர்ல இருக்கான். "டேய், அன்னிக்குத் தப்பு உன் பெடல்ல இல்லடா, நான்தான் மிட்டைப் பூஜ்யத்துல வச்சேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "இதைச் சொல்ல உனக்கு எட்டு வருஷமாடா"ன்னு கேட்டான், அதோட நாலு கெட்ட வார்த்தை, அதை எடிட்டிங்ல எடுத்துட்டோம். வைக்கிறதுக்கு முன்னாடி, "அந்த இன்டர்ஃபேஸ் எவ்வளவுன்னு சொன்ன?"ன்னு கேட்டான். லிங்க் அனுப்பியிருக்கேன். வாங்கினானான்னு இன்னும் தெரியல.

அடுத்த எபிசோட்ல பேஸ் கிட்டார். மெட்டல் டோன்ல பாதிக் கனம் அதுதான், யாரும் ஒத்துக்க மாட்டாங்க. தம்பி, இன்டர்ஃபேஸ் வந்ததும் உங்க ரிஃபை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, ரெண்டு தடவை வாசிச்சு. மிட் நாப் ஆறுல இருக்கட்டும். பார்க்கலாம்.