தைப்பூசத்து விண்மீன்

(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது "பூசம்" என்று கூறும் அன்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அந்தப் பூசத்தை வானில் கண்டவர் எத்தனை பேர்?

தை மாதத்தில் கதிரவன் மகர இராசியில் நிற்கிறான். நிறைமதி அவனுக்கு நேர் எதிரே, கடக இராசியில், பூசத்தை ஒட்டி நிற்கிறது. தைப்பூசம் என்னும் பெயர் அமைந்த காரணம் இதுவே. ஆயினும் விந்தை என்னவெனில், அன்றைய நிலவொளியிலே பூசம் மறைந்துவிடும். 12 இராசிகளுள் மிகவும் மங்கலானது கடகமே ஆகும்.

பின் எப்போது காண்பது? மகா சிவராத்திரி அதற்கு ஏற்ற இரவு. அன்று தேய்பிறை நிலவு விடியலை ஒட்டியே எழும். இரவு 11 மணியளவில் வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். இடப்புறம் இணையாக ஒளிர்பவை புனர்பூச விண்மீன்கள். வலப்புறம் பளிச்சிடுவது மகம். இடையே வெறுமையாகத் தோன்றும் பகுதியே கடகம்.

விளக்கொளியைத் தவிர்த்து 20 நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்க வேண்டும். உற்று நோக்காமல் சற்றே ஓரமாக நோக்குக. மங்கிய ஒளியைக் கண்ணின் ஓரப்பகுதியே நன்கு உணரும். அப்போது சிறு பஞ்சுத் துணுக்குப் போன்ற படலம் ஒன்று புலப்படும். அதனை ஒட்டி நிற்கும் மங்கிய விண்மீன்களே பூசம். அப்படலம் ஒரு விண்மீன் கூட்டம் என்பதைக் கலிலியோ தொலைநோக்கியால் கண்டு, 1610-இல் தம் நூலில் வெளியிட்டார். அதன் தொலைவு ஏறத்தாழ 600 ஒளியாண்டு. மலாக்காவில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்ணை வந்தடைகிறது.

தமிழ்ப்பள்ளியில் 27 நட்சத்திரங்களின் பெயர்களையும் மனனம் செய்த தலைமுறை நாம். நம் பிள்ளைகளுக்கோ பூசம் என்பது சீட்டில் எழுதும் சொல்லாக மட்டுமே மிஞ்சும் நிலை வந்துள்ளது. நகர வெளிச்சம் வானத்தை மூடிவிட்டது.

எனவே செயலவையினருக்கு ஒரு விண்ணப்பம். சிவராத்திரியன்று கால பூசைகளுக்கு இடையே அரைமணி நேரம் வெளிவிளக்குகளை அணைக்க வேண்டுகிறேன். கருவறைத் தீபம் எரியட்டும். தோட்டப்புற ஆலயங்களில் மேகம் வழிவிட்டால் வெறுங்கண்ணுக்கே அது தென்படும். நகரத்து ஆலயங்களில் பைனாகுலர் ஒன்று துணை செய்யும். பெரியோர் சுட்டிக்காட்ட, பிள்ளைகள் தங்கள் ஜென்ம நட்சத்திரத்தைக் கண்ணாரக் காணட்டும்.