விமானம் ஓட்டப் பயிலுதலும் குடும்ப வரவு செலவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேடையில் வழக்கமாக இலக்கியமும் இசையுமே பேசப்பெறும். இன்று விமானப் பயிற்சியைப் பற்றிப் பேச முற்பட்டதற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பளத்தில் வாழும் நம் காலனி வீடுகளிலும் பிள்ளைகள் விமானம் ஓட்டக் கற்க வேண்டுமென்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். பெற்றோரில் ஒரு சாரார், 'அது பணக்காரர் விளையாட்டு' என்று பேச்சை அவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார் ஊரிலுள்ள மனையை அடகு வைக்கப் புறப்பட்டு விடுகின்றனர். இருவருமே கணக்குப் பாராதவர்கள். ஆதலால் கணக்கைச் சற்றே பார்ப்போம்.

பணக்காரர் விளையாட்டு என்பது ஒருகாலத்தில் பெரும்பாலும் உண்மையே. 1928ஆம் ஆண்டு தில்லியிலும் பம்பாயிலும் பறத்தற் கழகங்கள் தோன்றின. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் உரிமத்தைப் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் 1932 அக்டோபர் 15ஆம் நாள் அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையைக் கொணர்ந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றதும், விளையாட்டுத் தொழிலாக மாறியதன் தொடக்கம் எனலாம். 1936இல் சரளா துக்ரால் சேலையணிந்தே விமானத்தில் ஏறி உரிமம் பெற்றார். மகனுக்குச் சேமிக்க எண்ணுவோர் மகளையும் ஒரு சொல் கேட்டுவிடுவது நலம்.

முதற்கண் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்ள வேண்டும். தனியார் விமானி உரிமம் வேறு. வணிக விமானி உரிமம் வேறு. முன்னதற்கு வயது 17, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு ஆகியன வேண்டும். மாணவ விமானி உரிமத்தை 16 வயதிலேயே பெறலாம். பின்னதற்கு 200 மணி நேரம் வேண்டும். தனியார் உரிமம் பெற்றவர் விமானம் ஓட்டிக் கூலி பெறுதல் கூடாது, அது சட்டம். எனவே இவ்வுரிமத்துக்காகக் கடன் வாங்குவோர், அக்கடனை அவ்வுரிமத்தைக் கொண்டே அடைத்துவிடலாமென்று எண்ணுவதற்கு இடமேயில்லை.

இனிக் கணக்கு. கட்டணம் இடத்துக்கிடம் மாறும். ஓர் எடுத்துக்காட்டுக்காக மணிக்கு 15,000 ரூபாய் என்று கொள்வோம். நாற்பது மணிக்கு 6 லட்சம். ஆனால் சட்டம் கூறும் நாற்பது மணியில் முடிப்போர் சிலரே. ஐம்பத்தைந்து மணியாகுமாயின் 8,25,000 ரூபாய். தங்குமிடம், உணவு, காதுக்கருவி, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. இதைக் கடனாக வாங்கினால், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில், எட்டு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி மட்டும் 96,000 ரூபாய். அஃதாவது ஆறு மணி நேரப் பறப்பு வட்டியிலேயே கரைந்து போகும். மாதம் 20,000 ரூபாய் எடுத்து வைக்கக்கூடிய வீடு மூன்றரை ஆண்டில் அத்தொகையைச் சேர்த்துவிடும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அப்பொழுது பத்தொன்பது வயதுதான். காத்திருப்பதில் குறைவொன்றுமில்லை.

சேமிக்கும் அம்மூன்றரை ஆண்டும் சும்மா இருக்க வேண்டிய காலம் அன்று. செலவைக் குறைக்கும் வேலை முழுவதும் அப்போதுதான் நடைபெற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி அணிவது ஒன்றே தடையாகிவிடாது. ஆனால் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலில் குறையிருப்பின் முதல் ரூபாயைச் செலவிடுமுன் அதை அறிந்துகொள்ள வேண்டும். பாதிப் பணத்தைக் கட்டிய பின் அறிவது கொடுமை.

அடுத்தது பெயர். இது நம்மவர்க்கே உரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். ரமேஷ்', ஆதாரில் 'ரமேஷ் சுப்பிரமணியன்', பாஸ்போர்ட்டில் 'சுப்பிரமணியன் ரமேஷ்' என்று மூன்று மனிதராக நிற்கும் பிள்ளைகள் நம் காலனியில் எத்தனை பேர்! வட இந்தியக் குமாஸ்தாவுக்கு நம் தலைப்பெழுத்து வழக்கம் விளங்குவதில்லை. விளக்கிச் சொல்லி வெல்வதைவிட, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஏனைய தாள்களையும் முன்கூட்டித் திருத்தி வைத்துக்கொள்வது எளிது.

பின்னர்ப் படிப்பு. விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், விமானமும் இயந்திரமும் என்ற நான்கு துறைகளையும் வீட்டில் இருந்தே கற்கலாம். எடுத்துக்காட்டாக, திசையில் ஒரு பாகை பிசகினால் அறுபது கடல்மைல் சென்றதும் ஒரு கடல்மைல் விலகியிருப்போம் என்ற கணக்கு பள்ளி முக்கோணவியலுக்கு அப்பாற்பட்டதன்று. ரேடியோவில் எழுத்துகளை ஆல்பா, பிராவோ, சார்லி என்று சொல்லும் வழக்கத்தைத் தெருவில் நிற்கும் கார்களின் எண் பலகைகளைப் படித்தே பழகலாம். நாற்காலியில் அமர்ந்து, துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாகக் கொண்டு, இயந்திரத்தைக் கிளப்புவது முதல் தரையிறங்குவது வரை ஒவ்வொரு செயலையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதும் உண்டு. வீட்டிலுள்ளோர் நகைக்கட்டும். மணிக்குப் பதினையாயிரம் கொடுத்து வானத்தில் மனப்பாடம் செய்வோரைப் பார்த்தன்றோ நகைக்க வேண்டும்!

கல்லூரியில் சேரும் பிள்ளைகள் தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் இடம் கிடைக்குமாவென்று பார்க்கலாம். அங்குச் சிறு விமானத்தில் பறக்கும் அனுபவம் செலவின்றிக் கிட்டுகிறது. பறத்தல் தமக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைப் பிள்ளைகள் அங்கேயே அறிவர்.

பயிற்சி நிலையத்தைத் தேர்வதில் விளம்பரத்தை நம்பலாகாது. பறப்பு நேரம் என்பது விமானம் புறப்படுதற்பொருட்டுத் தானே நகரத் தொடங்கியது முதல் திரும்பி வந்து நிற்பது வரை எண்ணப்படுகிறது. பெரிய விமான நிலையத்தில் பயணி விமானங்களுக்கு வழிவிட்டு ஓடுபாதை ஓரத்தில் காத்து நிற்கும் நிமிடங்களும் நம் பணமே. நெரிசலற்ற சிறு நிலையம் இவ்வகையில் நன்று. நான்கு பேர் அமரும் செஸ்னா 172-ஐக் காட்டிலும் இருவர் அமரும் செஸ்னா 152-க்கு எரிபொருட் செலவு குறைவு. எத்தனை விமானங்கள் உள்ளன என்று மட்டும் கேட்டால் போதாது. இன்று அவற்றுள் எத்தனை பறக்கின்றன என்று கேட்க வேண்டும். நாமறிந்த ஒரு குடும்பத்தார் முழுத்தொகையையும் ஒரே தவணையில் செலுத்தினர். விமானம் பழுதுற்று எட்டு மாதம் கொட்டகையில் கிடந்தது. பிள்ளை விடுதியில் கிடந்தான். பணம் திரும்பவில்லை. பறக்கப் பறக்கத் தவணையாகச் செலுத்த இசையும் நிலையத்தையே நாடுங்கள். இசைவை எழுத்தில் பெறுங்கள்.

தொடங்கிய பின் இடைவெளி கூடாது. வாரம் மூன்று முறை பறப்பவன் முன்னேறுகிறான். மாதம் ஒருமுறை பறப்பவனோ சென்ற பாடத்தை மீளக் கற்பதிலேயே பாதி நேரத்தைக் கழிக்கிறான். முழுத்தொகையும் கைக்கு வந்த பின்னரே தொடங்கச் சொல்வது இதனால்தான். பருவத்தையும் எண்ண வேண்டும். வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி காலைப் பொழுதை விழுங்கிவிடும். மே மாத நண்பகலில் காற்று சூடேறி மெலிவதால் சிறு விமானம் ஏறத் திணறும். புழுதிப் புயலும் உண்டு. ஜூலை முதல் மழை. அக்டோபர், நவம்பரும், பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையும் ஏற்ற காலம். தனியே 150 கடல்மைல், ஏறத்தாழ 278 கிலோமீட்டர், சென்று வர வேண்டிய பறப்பு ஒன்று உண்டு. அதனை அந்நாட்களில் வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது.

பரிசோதனை செய்யும் மருத்துவர்களின் பட்டியலைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் காணலாம். இளைஞர்கள் வினாக்களோடு வந்திருப்பது தெரிகிறது, நேரமும் மிச்சமிருக்கிறது. கேளுங்கள்.