முப்பத்திரண்டு வருடம் பிந்திய பயணம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"பயண அனுபவம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கோ அக்கா" என்று செயலாளர் தங்கை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என்று உலகம் சுற்றியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நானும் இவரும் இலங்கைக் கரையைத் தாண்டியதில்லை. ஆனாலும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

எங்கள் திருமணம் 1983 தை மாதம் நடந்தது. அப்போது நான் ஆசிரியையாக இருந்தேன். ஆகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போவோம் என்று இவர் சொல்லியிருந்தார். இரண்டு கம்பளிச் சட்டைகளும் வாங்கி வைத்தோம். ஆகஸ்டுக்கு முன்னே ஜூலை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பின் நாங்கள் பயணமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், சைக்கிளில் அரிசி மூட்டையும் மாமியும், என் தோளில் கடைசிப் பிள்ளையுமாக, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போனோமே, அதுவும் பயணம்தான். பிறகு கொழும்புக்குப் போனதெல்லாம் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும். லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு வேண்டும். இரவில் கதவைத் தட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே படுத்திருப்போம். வீட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வருவோமோ என்ற கேள்வி எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு எலும்புக்குள்ளேயே போய்விட்டது.

1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த வருடம்தான் இவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆகஸ்டில் ஒருநாள், "இஞ்சாரும், நுவரெலியாவுக்குப் போவமோ?" என்று கேட்டார். நான் உடனே ஓம் சொல்லவில்லை. வீட்டை யார் பார்ப்பது, வயது போன காலத்தில் ஏன் வீண் செலவு என்று ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் பயம். அதை இவர் அறிவார்.

முதல் மூன்று நாள் கொழும்பில் தங்கினோம். எந்தக் கந்தோருக்கும் போகும் வேலை இல்லாமல் அந்த நகரத்தில் நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை. மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிச் சாப்பிட்டபடி, பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பொலிஸ்காரர் எங்களைக் கடந்து போனார். என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. அவர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவர் என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கண்டியில் ஒருநாள் தங்கி, 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைப் பூங்காவைக் கால் வலிக்க வலிக்கச் சுற்றினோம். பிறகு பதுளைப் புகையிரதத்தில் ஏறினோம். ஹற்றனில் ஓர் அம்மா பேரப்பிள்ளையோடு ஏறி எங்களுக்கு எதிரில் அமர்ந்தார். நான் பனங்காய்ப் பணியாரம் கொடுத்தேன். அவர் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் தந்தார். வெளியே தேயிலை மலைகளைப் பார்த்து "என்ன வடிவு!" என்றேன். அவர் சிரித்து, "பாக்க நல்லாத்தான் இருக்கும்மா. கூடையோட ஏறிப் பாருங்க" என்றார். எழுபத்தேழுக் கலவரத்தில் அவருடைய அக்கா குடும்பம் வன்னிக்குப் போனதாம். இன்னும் கிளிநொச்சியில்தான் இருக்கிறதாம். இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள் மட்டுமே என்று இத்தனை வருடம் நினைத்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

நுவரெலியாவில் எங்கள் விடுதியில் சுடுதண்ணீர் வரவில்லை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கம்பளிச் சட்டைகள் எந்த இடப்பெயர்வில் போயினவோ தெரியாது. இரண்டு போர்வைகளைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி தேநீர் குடித்தோம். "ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்திட்டம்தானே" என்றார் இவர். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அங்கிருந்து நானுஓயாவில் ஏறி, இலங்கையின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவையும், ஒஹியாவையும், அப்புத்தளையையும் கடந்து எல்லவில் இறங்கினோம். உருக்கு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டி 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தோம். மறுநாள் தெமோதரைக்குப் போனோம்.

தோழிகளே, எங்கள் புவியியல் ரீச்சர் கரும்பலகையில் தெமோதரை வளைவை வரைந்தது நினைவிருக்கிறதா? நிலையத்தை விட்டுப் புறப்படும் புகையிரதம் குன்றைச் சுற்றி இறங்கி, சுரங்கத்தால் அதே நிலையத்துக்குக் கீழே போகும் என்று சொன்னார். எங்களில் ஒருத்திக்கும் விளங்கவில்லை. "நேரில் பார்த்தால்தான் விளங்கும் பிள்ளைகள்" என்று சோக்கட்டியை வைத்துவிட்டார். நான் நேரில் பார்த்தேன். விளங்கியது. அதைப் போய்ச் சொல்ல ரீச்சர் இல்லை. அதனால் அவர் கற்பித்த இந்த மண்டபத்தில் சொல்கிறேன்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது புறப்படுகிறோம். புதிதாகப் போகிறவர்களுக்கு மூன்று விடயம் சொல்வேன். மலைநாட்டுப் புகையிரதத்துக்கு ஆசனத்தை முற்கூட்டியே பதிவு செய்யுங்கள். நுவரெலியாவுக்குச் சித்திரையில் போனால் சனமும் கூட, அறை வாடகையும் கூட. எந்த மாதம் போனாலும் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் வைத்த பைலை இன்னும் ஒவ்வொரு பயணத்துக்கும் கொண்டுதான் போகிறேன். "நீர் ஏன் இதைக் காவுறீர்?" என்று முன்பு கேட்ட இவர் இப்போது கேட்பதில்லை. பயணம் முடிந்ததும் விடுதிப் பற்றுச்சீட்டுகளை அதற்குள் போட்டு வைக்கிறார். பைல் கொஞ்சம் தடித்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தங்கைகளே, கோயிலும் கலியாணவீடும் முடிந்தவுடன் விமானம் ஏறிவிடாதீர்கள். இரண்டு நாளை ஒதுக்கி, உங்கள் துணையோடு இந்த நாட்டில் ஓரிடத்தைப் போய்ப் பாருங்கள். முடியுமானால் போர்க்காலத்தில் உங்களோடு ஓடிய அம்மா அப்பாவையும் ஒருமுறை கூட்டிப் போங்கள். மறுத்துக் காரணம் சொல்வார்கள். என்னைப் போலத்தான். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.